வயலின் மகளுடையது, கையெழுத்து உங்களுடையது

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் அனுப்பியிருக்கிறார். பெயரையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவர் தனியார் கிளினிக் ஒன்றில் வேலை செய்கிறார். மணமுறிவாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. நீதிமன்ற உத்தரவுப்படி ஒரே மகள் இவருடைய பராமரிப்பில் இருக்கிறாள். முன்னாள் கணவர் ஜொகூரில் இருக்கிறார். மகளுக்கு 16 வயது, படிவம் நான்கு. சிறு வயதில் தரையில் சம்மணமிட்டுக் கர்நாடக வயலின் பழகத் தொடங்கியவள், இடைநிலைப்பள்ளிக்கு வந்ததும் மேற்கத்திய முறைக்கு மாறி, கிரேட் 7 தேர்வு முடித்திருக்கிறாள். இரண்டு ஆண்டுகளாக வட மாநிலப் பிள்ளைகள் சேர்ந்து வாசிக்கும் இளையோர் ஆர்கெஸ்ட்ரா ஒன்றில் இரண்டாம் வயலின் பிரிவில் இருக்கிறாள். சனிக்கிழமைதோறும் அம்மாதான் பாலம் தாண்டி ஜார்ஜ்டவுனுக்கு அழைத்துப்போய், ஒத்திகை முடியும்வரை காரில் காத்திருக்கிறார்.

இந்த வருடக் கடைசிப் பள்ளி விடுமுறையில் ஒன்பது நாள் பயணம். பேங்காக்கிலும் சிங்கப்பூரிலும் கச்சேரி. திரும்பி வந்து கோலாலம்பூரில் இரண்டு நாள் ஒலிப்பதிவு. செலவு 4,800 வெள்ளி (ரிங்கிட்). அதில் 1,500 வெள்ளி முன்பணம் கட்டியாகிவிட்டது. இப்போது ஒன்பது பக்க ஆங்கில ஒப்பந்தம் ஒன்று வந்திருக்கிறது. பத்து நாளில் கையெழுத்திட்டுத் திருப்பித் தரச் சொல்கிறார்கள்.

அதில் அவரைப் பயமுறுத்தியவை ஐந்து. ஒலிப்பதிவின் எல்லா உரிமையும் 'பிரபஞ்சம் முழுவதும், என்றென்றைக்கும்' ஆர்கெஸ்ட்ராவுக்கே. எந்த விபத்துக்கும் இழப்புக்கும் அவர்கள் பொறுப்பல்ல. மகளால் ஏதாவது செலவு வந்தால் தாய் கட்ட வேண்டும். பயணத்துக்குப் பிறகு இரண்டு ஆண்டுக்குள் விலகினால் 'பயிற்சிச் செலவு' 6,000 வெள்ளி. கடைசியாக, 'பெற்றோர் இருவரும்' கையெழுத்திட வேண்டும்.

"எங்கள் அண்ணன், பதினெட்டு வயதுக்குக் கீழே கையெழுத்தே செல்லாது, போட்டுவிட்டுப் போ என்கிறார். மகளோ, 'ஒன்னும் கேக்காதீங்கம்மா, என்னைத் தூக்கிடுவாங்க' என்று அழுகிறாள். இந்த வாய்ப்பு போனால் நாளைக்குக் கோலாலம்பூரின் பெரிய இளையோர் ஆர்கெஸ்ட்ராவில் சேர முடியாது என்றும் சொல்கிறாள். ஒலிப்பதிவு வெளியானால் மகளுக்கு ராயல்டி வருமா? நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், காரணங்கள் பின்னால் வரட்டும். மகளை அனுப்புங்கள். ஆனால் இந்த ஒப்பந்தத்தில் இப்படியே கையெழுத்திடாதீர்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. ஒப்பந்தத்தில் நாலு வரி மாற்றிக் கேட்பது அவமரியாதையும் இல்லை, சண்டையும் இல்லை. வெளிநாட்டு வார்ப்புரு ஒன்றை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றி அனுப்புகிறவர்கள் இங்கே நிறைய. கேள்வி வந்த பிறகுதான் அவர்களே அதைப் படித்துப் பார்ப்பார்கள். நான் பார்த்தவரை, தாய் ஒருவர் பணிவாகக் கேள்வி கேட்டதற்காக ஆறு மாதம் ஒத்திகை பார்த்த பிள்ளையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது நிர்வாகத்துக்கே வசதிப்படாத காரியம். அந்த நாற்காலியில் உட்கார இன்னொரு பிள்ளையைத் தேடி, எல்லாப் பாடத்தையும் மறுபடி சொல்லித் தரவேண்டுமே.

அண்ணன் சொன்னதில் பாதி சரி

உங்கள் அண்ணன் சட்டத்தை எங்கோ கேட்டிருக்கிறார். 1971 ஆம் ஆண்டு வயதுவரம்புச் சட்டப்படி மலேசியாவில் 18 வயது நிரம்பியவரே வயதுவந்தவர். 1950 ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 11 ஆவது பிரிவு, வயதுவந்தவருக்கே ஒப்பந்தம் செய்யும் தகுதி உண்டு என்கிறது. வயது வராதவர் செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்பது நம் நீதிமன்றங்கள் நெடுங்காலமாகப் பின்பற்றி வரும் நிலை. ஆகவே மகளின் கையெழுத்தை வைத்து மகள் மேல் வழக்குப் போட முடியாது. அதுவரை சரி.

ஆனால் அதே பக்கத்தில், மகளின் பெயருக்குக் கீழே, 'பெற்றோர் அல்லது பாதுகாவலர்' என்ற கோடு ஒன்று இருக்கிறதல்லவா? அங்கே கையெழுத்திடப் போகிறவர் நீங்கள். உங்களுக்கு வயது வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. 'மகளால் ஏற்படும் எல்லாச் செலவையும் நான் ஈடுசெய்வேன்', 'விலகினால் 6,000 வெள்ளி நான் தருவேன்' என்ற வாக்கியங்கள் உங்களை நேராகவே கட்டும். மகளுக்குச் செல்லாத காகிதம் உங்களுக்குச் செல்லும். அண்ணன் இந்த இடத்தைத்தான் பார்க்கத் தவறிவிட்டார்.

மகள் விஷயத்திலும் விதிவிலக்கு ஒன்று உண்டு. 1976 இல் ஒப்பந்தச் சட்டத்தைத் திருத்தி, அரசோ, சட்டம் வழியாக அமைந்த நிறுவனமோ, கல்வி நிறுவனமோ தரும் கல்வி உதவி ஒப்பந்தங்களை, மாணவருக்கு வயது வரவில்லை என்ற காரணத்தால் மட்டும் செல்லாது என்று சொல்ல முடியாதபடி ஆக்கினார்கள். உங்கள் ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தில் 'பயிற்சி உதவித்தொகை' என்ற சொல் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்குச் சற்று உறுத்திய இடம் அது. இவர்கள் தனியார் சங்கம் என்றால் அந்தத் திருத்தம் இவர்களுக்குப் பொருந்துவது கடினம். ஏதாவது ஒரு கல்லூரியின் பெயரிலோ மாநில அமைப்பின் பெயரிலோ ஒப்பந்தம் இருந்தால் கதை வேறு. முதல் பக்கத்தில் எதிர்த்தரப்பு யார் என்று முழுப் பெயரும் பதிவு எண்ணும் எழுதியிருக்கும். அதை எனக்கு அனுப்பவில்லை, நீங்களே பாருங்கள்.

இன்னொன்று. 'செல்லாது' என்பதை எல்லாரும் நமக்குச் சாதகமான சொல்லாகவே நினைக்கிறோம். ஒப்பந்தம் செல்லாது என்றால், அவர்கள் மகளுக்குக் கொடுத்த வாக்குறுதிகளும் ஆட்டம் காணும். நல்ல அறை, பெண் பொறுப்பாளர், காப்புறுதி எல்லாம் அதில் அடக்கம். தாயும் நிர்வாகமும் நேராகச் செய்துகொள்ளும் தெளிவான ஒப்பந்தம்தான் மகளுக்குப் பாதுகாப்பு.

ஒலிப்பதிவு: எது யாருக்குச் சொந்தம்?

இதில்தான் உங்கள் கடிதத்தில் குழப்பம் அதிகம், ஆசையும் அதிகம். பொறுமையாகப் பார்ப்போம்.

ஒரு ஒலிப்பதிவில் பல உரிமைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. இசையை எழுதியவருக்கு ஒன்று. மலேசியாவில் அது அவர் வாழ்நாளும் மறைந்தபின் 50 ஆண்டும். ஆகவே நூறாண்டுக்கு முன் மறைந்தவர்களின் சிம்பொனிகளில் இந்தச் சிக்கலே இல்லை. அதையே இன்றைக்கு ஒருவர் புதிதாக மாற்றி எழுதித் தந்திருந்தால் அவருக்கு உரிமை உண்டு. அடுத்தது ஒலிப்பதிவின் பதிப்புரிமை. அது வாசித்தவருக்குப் போகாது. பதிவுக்கான ஏற்பாடுகளைச் செய்தவருக்கே போகும். ஸ்டூடியோவுக்குப் பணம் கட்டி, பொறியாளரை அமர்த்தி, பிள்ளைகளைக் கூட்டிவந்தது ஆர்கெஸ்ட்ரா என்றால் பதிவு அவர்களுடையது. 'என் மகள் வாசித்தாள், ஆகவே அவளுக்குச் சொந்தம்' என்ற உங்கள் எண்ணம் இயல்பானதுதான், ஆனால் சட்டம் அப்படி இல்லை.

அப்படியானால் மகளுக்கு எதுவுமே இல்லையா? இருக்கிறது. 1987 ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் வாசிப்பவருக்கு, அதாவது நிகழ்த்துகலைஞருக்கு, தனி உரிமை தருகிறது. அவர் சம்மதம் இல்லாமல் அவருடைய நேரடி நிகழ்ச்சியைப் பதிவு செய்யவோ ஒலிபரப்பவோ கூடாது. இந்த உரிமை 50 ஆண்டு நிற்கும். வணிக நோக்கில் வெளியான பதிவைப் பொது இடத்தில் ஒலிக்கவிட்டாலோ ஒலிபரப்பினாலோ நியாயமான ஊதியம் கேட்கவும் வாசிப்பவருக்கு உரிமை உண்டு. ஆனால் கவனியுங்கள்: பதிவுக்குச் சம்மதம் கொடுத்துவிட்டால் முதலில் சொன்ன உரிமை பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆகவே உங்கள் பலம் சம்மதம் கொடுக்கும் அந்த ஒரு தருணத்தில்தான் இருக்கிறது. எதற்குச் சம்மதம், எதற்கு இல்லை என்று எழுத வேண்டிய நேரம் கையெழுத்துக்கு முன்னால், பின்னால் இல்லை.

'பிரபஞ்சம் முழுவதும், என்றென்றைக்கும்' என்ற வாசகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டீர்கள். ஒலிப்பதிவுத் தொழிலில் இது வழக்கமான வரிதான். செவ்வாய்க் கிரகத்தில் யார் கேட்கப் போகிறார்கள் என்று சிரித்துவிட்டு விடலாம். அறுபது பேர் வாசித்த தட்டிலிருந்து ஒரு பிள்ளையின் இரண்டாம் வயலினை மட்டும் பத்து ஆண்டு கழித்து உருவி எடுக்க முடியாது. அதனால் காலவரம்பு இல்லாத சம்மதம் கேட்பதில் நியாயம் உண்டு. நீங்கள் பிடிக்க வேண்டியது காலத்தை அல்ல, பயன்பாட்டை. இசைத்தட்டாகவும் ஸ்பாட்டிஃபை, யூடியூப் போன்றவற்றிலும் வெளியிடலாம்; ஆர்கெஸ்ட்ராவின் சொந்த விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம். இதுவரை சம்மதிப்பதில் தவறில்லை. ஆதரவாளர் நிறுவனத்தின் பொருள் விளம்பரத்துக்குப் போடுவது, வேறு நிறுவனத்துக்கு விற்பது, செயற்கை நுண்ணறிவு மென்பொருளைப் பழக்கக் கொடுப்பது என்றால் தனியாகக் கேட்டு எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். வெளியீட்டில் மகளின் பெயர் வாசித்தவர்கள் பட்டியலில் வர வேண்டும் என்றும் கேளுங்கள். காசை விட இதுதான் அவளுக்கு நாளைக்கு உதவும்.

ராயல்டி பற்றி நேர்மையாகச் சொல்கிறேன். வட மாநிலப் பிள்ளைகள் வாசித்த ஒரு செவ்விசைத் தட்டு இணையத்தில் ஈட்டும் பணத்தை அறுபதால் வகுத்தால் உங்கள் பாலக் கட்டணத்துக்குக்கூட வராது. அதை நம்பி எந்தக் கணக்கும் போடாதீர்கள். ஆனால் பதிவால் லாபம் வந்தால் அது எங்கே போகும், பிள்ளைகளின் பயணச் செலவுக்கா, நிதிக்கா என்று கேட்பது உங்கள் உரிமை.

ஒலிப்பதிவு எப்படி இருக்கும் என்று மகளிடமும் பேசிவையுங்கள். மேடை மாதிரி அது இருக்காது. சிவப்பு விளக்கு எரிந்ததும் யாரும் காலை நகர்த்தக் கூடாது. கடைசி ஸ்வரம் முடிந்தாலும் அறையின் ஒலி முழுக்க அடங்கும்வரை வில்லை நரம்பின் மேலேயே தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். அந்த ஓரிரு விநாடியில் யாராவது மூச்சைப் பெரிதாக விட்டால் மறுபடியும். எங்கோ ஒரு நாற்காலி கிறீச்சிட்டால் அந்த இடத்தை மட்டும் மூன்று நான்கு தடவை வாசிக்கச் சொல்லி, நல்லதை ஒட்டவைப்பார்கள். சுருதி மாறாமலிருக்கக் குளிர்சாதனத்தை ஒரே அளவில் வைத்திருப்பார்கள், இரைச்சல் வந்தால் அதையும் நிறுத்துவார்கள். நாள் முழுக்க இப்படிப் போனால் தோளும் கழுத்தும் இற்றுப்போகும். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், இடையில் எவ்வளவு ஓய்வு என்பதை அட்டவணையில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒன்பது நாள் பேருந்திலும் விமானத்திலும் அலைந்துவிட்டு வந்து நிற்கும் பிள்ளைகள் அவர்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை உங்களுக்கும். சிங்கப்பூர்க் கச்சேரியைக் கைப்பேசியில் எடுத்து டிக்டாக்கில் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மகளைப் பாதுகாப்பது போன்ற உரிமை மற்ற ஐம்பத்தொன்பது பிள்ளைகளுக்கும் உண்டு, அங்கேயும்தான். கேட்டுவிட்டுப் போடுங்கள்.

'எதற்கும் நாங்கள் பொறுப்பல்ல'

இந்த வரியை எல்லாரும் போடுவார்கள். கார் நிறுத்துமிடத்தில்கூடப் போடுகிறார்கள். போட்டதனாலேயே எல்லாம் முடிந்துவிடாது. 1999 ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்ட பகுதி, தம்முடைய கவனக்குறைவுக்கான பொறுப்பைப் போதிய நியாயமின்றிக் கழற்றிவிடும் விதியை நியாயமற்றது என்று நீதிமன்றம் ஒதுக்க வழி செய்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் வங்கிக் கடன் தொடர்பான ஒரு வழக்கில் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம், வழக்குத் தொடுக்கும் உரிமையையே முற்றாகப் பறிக்கும் விலக்கு விதி ஒப்பந்தச் சட்டத்தின் 29 ஆவது பிரிவுப்படி செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஆகவே பொறுப்பாளரின் அலட்சியத்தால் மகளுக்கு ஏதாவது நேர்ந்தால், 'கையெழுத்துப் போட்டீர்களே' என்று அவர்கள் எளிதில் தப்பிவிட முடியாது.

ஆனால் பிள்ளைக்கு அடிபட்ட பிறகு வழக்கில் ஜெயிப்பது யாருக்கு வேண்டும்? பயணக் காப்புறுதி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். பாலிசியின் நகல் கேளுங்கள். மருத்துவச் செலவு எவ்வளவு வரை, நோயாளியை ஊருக்குக் கொண்டுவரும் செலவு அடங்குமா என்று பாருங்கள். பயணக் காப்புறுதிகளில் பொதுவாக ஒரு பொருளுக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு இருக்கும். நல்ல வயலினின் விலை அதைத் தாண்டிவிடும். வயலினுக்குத் தனிக் காப்புறுதி எடுப்பது பற்றி வாங்கிய கடையில் கேளுங்கள்.

'மகளால் வரும் செலவைத் தாய் ஈடுசெய்வார்' என்ற பகுதியை முழுக்க எடுக்கச் சொல்ல மாட்டேன். ஹோட்டல் அறைக் கண்ணாடியை உடைத்தால் யாராவது கட்டத்தான் வேண்டும். 'வேண்டுமென்றே செய்த சேதத்துக்கு மட்டும், இவ்வளவு வெள்ளி வரை' என்று எல்லை போடச் சொல்லுங்கள்.

6,000 வெள்ளியும் எஸ்.பி.எம்.மும்

ஒன்பது பக்கத்தில் எனக்கு உண்மையாகவே பிடிக்காதது இதுதான். இரண்டு ஆண்டு என்றால் மகளின் படிவம் ஐந்து முழுக்க அதற்குள் வருகிறது. படிவம் ஐந்து முடிவில் எழுதும் அரசுத் தேர்வான எஸ்.பி.எம். ஆண்டில் சனிக்கிழமை ஒத்திகை சுமையாகிப் பிள்ளை ஒதுங்க நினைத்தால், நீங்கள் 6,000 வெள்ளி எடுத்து வைக்க வேண்டும். பயணச் செலவையும் நீங்களே கட்டுகிறீர்கள். அப்புறம் இது எந்தச் செலவுக்கான ஈடு?

ஒப்பந்தத்தில் தொகை எழுதியிருப்பதாலேயே அது முழுக்கக் கிடைத்துவிடாது. ஒப்பந்தச் சட்டத்தின் 75 ஆவது பிரிவு நியாயமான இழப்பீட்டைத்தான் அனுமதிக்கிறது. எழுதிய தொகை அதன் உச்சவரம்பு. ஆனால் கூட்டரசு நீதிமன்றத்தின் அண்மைக் காலத் தீர்ப்புப்படி, அந்தத் தொகை நியாயமற்றது என்று காட்டும் பொறுப்பு ஒப்பந்தத்தை மீறியவர் தலையில்தான் விழுகிறது. 'கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்' என்று கையெழுத்திட்டால் பார்த்துக்கொள்ள வேண்டியவர் நீங்கள்.

ஆகவே இதை எடுத்துவிடச் சொல்லுங்கள். மறுத்தால் குறைந்தபட்சம் மூன்று மாற்றம்: தொகை மாதாமாதம் குறைந்துகொண்டே வர வேண்டும், எஸ்.பி.எம். தேர்வுக்கு முன் சில மாதம் விடுப்பு எடுப்பது விலகலாகக் கருதப்படக் கூடாது. உடல்நலம், இடமாற்றம், மேற்படிப்பு ஆகிய காரணங்களுக்கு விலக்கு. மகளுக்கு 18 வயதாகும்போது புதிதாக ஒப்பந்தம் போட்டுக்கொள்ளட்டும்; அன்றைக்கு அவள் தானே முடிவு செய்வாள்.

வெளிநாட்டுக் கச்சேரிக்குப் புறப்பாட நடவடிக்கை மதிப்பெண் கிடைக்கும் என்று நிர்வாகி புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பியதையும் எழுதியிருந்தீர்கள். அரசுப் பல்கலைக்கழக நுழைவில் புறப்பாடத்துக்கு 10 விழுக்காடு உண்டு, மீதி 90 தேர்வுக்கு. ஆனால் பள்ளிக்கு வெளியே செய்தது தானாகக் கணக்கில் ஏறாது. பள்ளியின் புறப்பாடப் பொறுப்பாசிரியரிடம் பயணத்துக்கு முன்பே கடிதம் கொடுத்து, எந்தச் சான்றிதழ் வேண்டும் என்று கேட்டுவையுங்கள்.

கோலாலம்பூர் விஷயத்தில் மகளின் பயம் தேவையற்றது. மலேசிய பிலார்மோனிக் இளையோர் ஆர்கெஸ்ட்ராவில் தேர்வாவது ஆடிஷன் வழியாக. அங்கே கேட்பது அன்றைக்கு அவள் வாசிப்பதைத்தான். பேங்காக் போனாளா என்பதை அல்ல. இரட்டைக் கோபுரத்துக்குள் இருக்கும் பெட்ரோனாஸ் பிலார்மோனிக் அரங்கில் ஒரு நாள் அவளை அழைத்துப்போய் ஒரு கச்சேரி கேட்க வையுங்கள். ஒரு கையெழுத்தில் தன் எதிர்காலமே நிற்கிறது என்று பிள்ளை நினைப்பது நல்லதில்லை.

தந்தையின் கையெழுத்து

நீங்கள் கொஞ்சம் கோபமாக எழுதிய பகுதி இது. 'வளர்க்கிறது நான், அவர் எதற்கு?' புரிகிறது. ஆனாலும் தீர்ப்பை எடுத்துப் பாருங்கள். பராமரிப்பு உரிமை உங்களுக்கு என்று இருந்தாலும், பாதுகாவலர் பொறுப்பு, அதாவது பிள்ளை பற்றிய பெரிய முடிவுகளை எடுக்கும் உரிமை, இருவருக்கும் பொது என்று இருக்கலாம். 1961 ஆம் ஆண்டு பாதுகாவலர் சட்டம் 1999 இல் திருத்தப்பட்டபின் முஸ்லிம் அல்லாத குடும்பங்களில் தாய்க்கும் தந்தைக்கும் சம உரிமை. அது உங்களுக்கும் பலம், அவருக்கும் பலம். சில உத்தரவுகளில், மறு தரப்பின் எழுத்துச் சம்மதமின்றிப் பிள்ளையை நாட்டைவிட்டுக் கொண்டுபோகக் கூடாது என்ற வரி இருக்கும். அந்த வரி இருந்தால், அவரைக் கேட்காமல் அனுப்புவது நீதிமன்ற உத்தரவை மீறுவதாகும். ஆர்கெஸ்ட்ரா இருவர் கையெழுத்து கேட்பது உங்களைச் சிறுமைப்படுத்த அல்ல, விமான நிலையத்தில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க.

ஜொகூருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். பழைய கணக்கு எதையும் அதில் சேர்க்காதீர்கள். தேதி, ஊர், தங்குமிடம், பொறுப்பாளர் பெயர் இவ்வளவு போதும். அவர் சம்மதித்தால் சத்தியப் பிரமாண ஆணையர் முன் ஒரு பக்கக் கடிதம். காரணமின்றி மறுத்தால், உங்களுக்குப் பராமரிப்பு உத்தரவு கொடுத்த நீதிமன்றத்திலேயே இந்தப் பயணத்துக்கு மட்டும் அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம். அதற்கு நாள் பிடிக்கும், அதனால் இந்த வாரமே கேட்டுவிடுங்கள். கடப்பிதழ் காலாவதியாகும் தேதியையும் பாருங்கள். பல நாடுகளில் ஆறு மாதமாவது மீதமிருக்க வேண்டும்.

பயணத்தில் கேட்டு வாங்க வேண்டியவை

சட்டம் பேசிப் பேசி முக்கியமானதை விட்டுவிடக் கூடாது. எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை பெரியவர்கள், அவர்களில் பெண்கள் எத்தனை பேர்? அறையை யாருடன் பகிர்வாள்? பெரியவர் யாரும் பிள்ளைகள் அறையில் தங்கக் கூடாது, பயிற்றுநர் தனியாகப் பிள்ளைக்குச் செய்தி அனுப்பாமல் குழுவில்தான் அனுப்ப வேண்டும் என்பவை எழுத்தில் இருக்கின்றனவா? 2017 ஆம் ஆண்டு சிறார் பாலியல் குற்றச் சட்டம், பிள்ளையின் நம்பிக்கைக்குரிய இடத்தில் இருப்பவர் தவறு செய்தால் தண்டனையைக் கூட்டுகிறது. மலேசியர் வெளிநாட்டில் மலேசியப் பிள்ளைக்குச் செய்தாலும் அது பொருந்தும். நல்ல நிர்வாகம் இந்தக் கேள்வியைக் கேட்டுக் கோபப்படாது. கோபப்பட்டால் அதுவே உங்களுக்கு ஒரு பதில்.

அவசரச் சிகிச்சைக்குப் பொறுப்பாளர் சம்மதிக்கலாம் என்று ஒரு கடிதம், மகளின் ஒவ்வாமை, மருந்து விவரத்துடன். வயலின் கையோடு விமானத்தின் உள்ளே வர வேண்டும், சரக்கில் போகக் கூடாது. நரம்பைச் சற்றுத் தளர்த்திவைப்பது நல்லது. வில் பழையது, யாரோ பெரியவர் கொடுத்தது என்று எழுதியிருந்தீர்கள். நுனித் தகடு தந்தமாக இருந்தால் அதை எல்லை தாண்டிக் கொண்டுபோக வேண்டாம். அழியும் நிலையிலுள்ள உயிரினங்கள் தொடர்பான சட்டங்களில் சிக்கும். சாதாரண வில் ஒன்றை எடுத்துப் போகட்டும்.

நிர்வாகிக்கு என்ன எழுதுவது?

தொலைபேசியில் பேசாதீர்கள், மின்னஞ்சல் அனுப்புங்கள். இப்படித் தொடங்கலாம்: 'மகள் பயணத்தில் கலந்துகொள்வதில் எங்களுக்கு மகிழ்ச்சி. கையெழுத்திடுமுன் கீழ்க்கண்ட திருத்தங்களைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்.' பிறகு ஒலிப்பதிவின் பயன்பாட்டு எல்லை, ஈட்டுத்தொகையின் உச்சவரம்பு, 6,000 வெள்ளி விதி, காப்புறுதி நகல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி, பக்க எண்ணுடன். ஐந்தாவதாக முன்பணம்: பயணத்தை அவர்கள் ரத்து செய்தாலோ, ஒப்பந்தத்தில் உடன்பாடு வராததால் மகள் விலகினாலோ 1,500 வெள்ளியில் எவ்வளவு திரும்பும் என்று கேளுங்கள். ஒப்பந்தத்தைக் காட்டாமலேயே முன்பணம் வாங்கியது அவர்கள் பக்கத்துப் பலவீனம். அதை மிரட்டலாக அல்லாமல் தகவலாகச் சொல்லுங்கள்.

திருப்பித் தர மறுத்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையான கோரிக்கைகளை அங்கே வழக்கறிஞர் இல்லாமலேயே வைக்கலாம், கட்டணம் 5 வெள்ளி. இவர்கள் கட்டணம் வாங்கிச் சேவை தருகிறவர்கள் என்று வாதிட இடமுண்டு. லாப நோக்கில்லாத சங்கம், வணிகம் இல்லை என்று அவர்கள் சொன்னால், 5,000 வெள்ளிக்குட்பட்ட சிறு கோரிக்கையாக மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போகலாம், அங்கேயும் வழக்கறிஞர் தேவையில்லை.

பத்து நாள் கெடுவைக் கண்டு அவசரப்படாதீர்கள். பதில் வரும்வரை கெடுவை நீட்டிக்கும்படி அதே மின்னஞ்சலில் கேளுங்கள். ஒப்பந்தத்தையும் மணமுறிவு உத்தரவையும் எடுத்துக்கொண்டு ஜார்ஜ்டவுனில் உள்ள வழக்கறிஞர் மன்றச் சட்ட உதவி மையத்துக்குப் போய்வாருங்கள். வருமான வரம்புக்குள் இருந்தால் அரசின் சட்ட உதவித் துறையும் பராமரிப்பு உத்தரவு விஷயத்தில் உதவும். போகும்போது மகளையும் கூட்டிப்போங்கள். திருத்திய ஒப்பந்தம் வந்ததும் எனக்கு எழுதுங்கள். முதல் பக்கத்தில் உள்ள அந்தப் பதிவு எண்ணையும் சேர்த்து.